பூட்டிய பீரோவும் படிக்காத பையனும்

“பொண்ணுங்க படிச்சிரும் சார். இந்தப் பயலுகதான் புத்தகத்தையே தொட மாட்டேங்கறானுக.” ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்கள் கூடும் எந்த இடத்திலும் இந்தப் பேச்சு வந்துவிடும். பெற்றோர் கூட்டத்திலும் இதே பேச்சுதான். சொல்பவர் குரலில் சலிப்பு இருக்கும். சந்தேகம் துளியும் இருக்காது. பையன் என்றால் பந்து, பைக், செல்போன். வாசிப்பு அவன் ரத்தத்திலேயே இல்லை என்று ஊரே முடிவுகட்டி வைத்திருக்கிறது. இந்த முடிவு தவறு. தவறு என்பதோடு நில்லாமல், வளரும் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் அநியாயமும் கூட. பன்னிரண்டு வயதுப் பையன் வேண்டாம் என்பது நாம் அவன் கையில் திணிக்கும் புத்தகங்களைத்தான். அவன் ஆசைப்படக்கூடிய புத்தகம் அவன் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதும் நாம்தான்.

ரத்தத்தில் இல்லை என்றால், 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது அதற்காகப் பெட்டிக்கடை வாசலில் காத்துக்கிடந்தவர்கள் யார்? முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவி வந்தார். பையன்கள் அதைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தார்கள், வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்தார்கள், ஒரு இதழைக் கொடுத்து இன்னொன்றை மாற்றிப் படித்தார்கள். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவின் விக்கிரமாதித்தனும் வேதாளமும், வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிர், 1984-இல் வந்த ராணி காமிக்ஸ் என்று அந்தப் பட்டியல் நீளும். தினத்தந்தியில் 1960 முதல் வரும் கன்னித்தீவை சலூனிலும் டீக்கடையிலும் எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழ் வாசிக்கப் பழகியவர்கள் நம் அப்பாக்களிலும் மாமன்களிலும் ஏராளம். பள்ளிக்கூடம் “மக்கு” என்று ஒதுக்கியவர்களும் அவர்களில் உண்டு. கன்னித்தீவின் நாயகன் சிந்துபாத்துக்கு நாளை என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

பிறகு என்ன நடந்தது? தொலைக்காட்சி வந்தது, விற்பனை சரிந்தது, ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது, அம்புலிமாமாவும் பூந்தளிரும் நின்றன. லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் இதழ்கள் இன்றும் வருகின்றன. ஆனால் அவற்றைத் தேடி வாங்குவோரில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். விலையும் பள்ளிப் பையனின் கைக்காசுக்குள் அடங்காது. பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரைக்கான தமிழ் வாசிப்பில் இப்படி ஒரு பெரிய பள்ளம் விழுந்துவிட்டது. அந்தப் பள்ளத்தைப் பார்க்காமல் பையனைப் பார்த்து விரலை நீட்டுகிறோம். ஊரில் இருந்த சாப்பாட்டுக் கடைகளை மூடிவிட்டு, இங்கே யாருக்கும் பசியே இல்லை என்று சொல்வது போன்றது இது.

உலகம் முழுக்கவே அப்படித்தானே என்பார்கள். பதினைந்து வயது மாணவர்களுக்கு நடக்கும் பிசா தேர்வைச் சான்று காட்டுவார்கள். 2018-இல் அதில் கலந்துகொண்ட எல்லா நாடுகளிலும் வாசிப்பில் மாணவிகள்தான் முன்னால் இருந்தார்கள். பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் அடங்கிய ஓஇசிடி அமைப்பின் சராசரி இடைவெளி 30 புள்ளி. மறுக்கவில்லை. ஆனால் அதே இடைவெளி 2009-இல் 39 புள்ளியாக இருந்தது. மாணவிகளின் மதிப்பெண் சில நாடுகளில் இறங்கியதும் இதில் சேரும் என்றாலும், பிறவிக் குணம் ஒன்பது ஆண்டில் இப்படி ஏறி இறங்காது. வளர்க்கும் விதமும் கையில் கிடைக்கும் புத்தகமும்தான் மாறும்.

பெண் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்பதிலும் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை. கொடுத்த புத்தகம் பிடிக்காவிட்டாலும் முடித்துவிட்டுத் தர வேண்டும் என்று நாம் அவர்களைப் பழக்கியிருக்கிறோம். தெருவில் ஆடப் போகாதே என்று வீட்டுக்குள் உட்கார வைத்திருக்கிறோம். அதே சப்பென்ற புத்தகம்தான் இருவருக்கும் போகிறது. அவள் பொறுத்துக்கொள்கிறாள், அவன் தூக்கிப் போடுகிறான். இருவருக்குமே நல்ல கதை கிடைக்கவில்லை.

இனி, யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் புத்தகத்தைக் கொடுத்ததும் “போர் சார்” என்று சொல்கிற பையன்களில் பலருக்குச் சரளமாக வாசிக்க வராது. ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். மூன்றாம் வகுப்பிலேயே எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கும். உயிர்மெய் எழுத்துகள் தெரியும், கூட்டுவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். அந்த வயதில் மானம் உயிரை விடப் பெரிது. “எனக்கு வாசிக்க வரல” என்று சொல்வதை விட “போர்” என்று சொல்வது அவனுக்கு எளிது, கௌரவமும் கூட. நாம் அந்தச் சொல்லை அப்படியே நம்பி, இவனுக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிடுகிறோம். கொஞ்சம் அக்கறையுள்ள ஆசிரியராக இருந்தால் மூன்றாம் வகுப்புக் கதைப் புத்தகத்தைத் தேடிக் கொடுப்பார். அட்டையில் முயலும் ஆமையும் இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் எப்படிப் பள்ளி வராண்டாவில் நடப்பான்?

அப்படி ஒரு பையனோடு பழைய மாயாவி இதழ் ஒன்றை வைத்துக்கொண்டு நான் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். பாடப் புத்தகத்தில் நான்கு எழுத்துக்கு மேல் போனாலே திணறுகிறவன். இரும்புக்கை மின்கம்பியைத் தொடுகிறது, உடல் மறைகிறது, கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. மாயாவி எப்படி மறைகிறான் என்பது அவனுக்கு உடனே தெரிந்தாக வேண்டும். விரல் பேச்சு பலூனுக்குப் போனது. “மி... மின்... மின்சாரம்!” படமும் முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்து மீதிச் சொல்லைத் தூக்கிக் கொடுத்துவிட்டன. அடுத்த கட்டத்தில் அதே சொல் வந்தபோது அவன் விரல் அங்கே நிற்கவே இல்லை. வாசிக்கத் தடுமாறுகிறவனுக்கு இது ஓர் ஊன்றுகோல்: படத்தைப் பார்த்து ஊகிப்பது, ஊகத்தை எழுத்தில் சரிபார்ப்பது, மேலே போவது. காமிக்ஸ் அதற்கு இடம் கொடுக்கிறது. அவன் மானத்தையும் காப்பாற்றுகிறது, ஏனென்றால் எட்டாம் வகுப்பு அண்ணனும் அதைத்தான் பிடுங்கிப் படிக்கிறான்.

இந்தக் காரணத்துக்காகவே 2023-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தை மனதார வரவேற்கிறேன். ஒல்லிப் புத்தகம், ஒரு புத்தகத்துக்கு ஒரு கதை. வகுப்பு எண் கிடையாது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். எந்தப் படியில் இருந்தாலும் உடன் படிப்பவர்கள் முன் தலைகுனிய வேண்டியதில்லை. பையனின் மனசறிந்து செய்த வேலை அது.

ஆனால் ஆண்டு விழா மேடைக்கு வாருங்கள். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பையனுக்கு என்ன புத்தகம் கொடுக்கிறோம்? திருக்குறள் உரை, சத்திய சோதனை, அக்னிச் சிறகுகள், இல்லாவிட்டால் வெற்றிக்கு வழி சொல்லும் ஏதாவது ஒன்று. அக்னிச் சிறகுகளை நான் மதிக்கிறேன். அதில் பெரும்பகுதி ராக்கெட் திட்டங்களையும் ஆய்வுக்கூட நிர்வாகத்தையும் பற்றியது. இருபது வயதில் படிக்கும்போது அது ஒருவனைத் தூக்கி நிறுத்தும். பன்னிரண்டு வயதில் இருபதாம் பக்கத்தோடு நின்றுவிடும். நின்றதும் அவன் தனக்குள் எழுதிக்கொள்ளும் தீர்ப்பு, “புத்தகம் நமக்கு ஆகாது” என்பதுதான். ஒரு நல்ல புத்தகத்தைத் தவறான வயதில் கொடுத்து, எல்லாப் புத்தகங்களையும் அவனுக்குப் பகையாக்கிவிடுகிறோம். கதை என்றாலே கடைசியில் நீதி இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் இதோடு சேர்ந்ததுதான். பெரியவர்கள் துப்பறியும் நாவல் படிக்கும்போது கடைசிப் பக்கத்தில் யாரும் நமக்குப் புத்தி சொல்வதில்லை.

காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பதும் இங்கே வேரோடிய நம்பிக்கை. அமெரிக்காவிலும் அது இருந்தது. 1954-இல் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், சிறுவர் குற்றங்களுக்குக் காமிக்ஸைக் காரணம் காட்டிப் புத்தகம் எழுதினார். செனட் குழு விசாரித்தது. பதிப்பாளர்கள் பயந்து தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். அவருடைய குறிப்புகளை ஆராய்ந்த கரோல் டில்லி என்ற நூலகவியல் அறிஞர், சான்றுகளை வெர்தாம் திரித்திருந்ததை 2012-இல் வெளியிட்டார். அதற்குள் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

டேவ் பில்கியின் கதை இதை விட நெருக்கமானது. ஒஹையோ மாநிலத்துப் பையன். கவனம் சிதறும் ஏடிஎச்டி, எழுத்தில் தடுமாற வைக்கும் டிஸ்லெக்சியா இரண்டும் உண்டு. ஓரிடத்தில் உட்கார மாட்டான் என்று வகுப்புக்கு வெளியே நடைவழியில் ஒரு மேசையைப் போட்டு உட்கார வைத்தார்கள். அங்கே அவன் வரைந்ததுதான் ஜட்டி போட்ட சாகச வீரன். இப்படிக் கிறுக்கிக்கொண்டே வாழ்நாளை ஓட்ட முடியாது என்று சொல்லி ஆசிரியர் அதைக் கிழித்துப் போட்டதை பில்கியே சொல்லியிருக்கிறார். 1997-இல் அது ‘கேப்டன் அண்டர்பேன்ட்ஸ்’ என்று புத்தகமாக வந்தது. புத்தகத்தைத் தொடாத பையன்களைக் கூட்டம் கூட்டமாக நூலகத்துக்கு இழுத்தது. 2012, 2013 இரண்டு ஆண்டுகளிலும், நூலகத்திலிருந்து அகற்றச் சொல்லி அதிக எதிர்ப்பு வந்த நூல்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் முதலிடம் பிடித்ததும் அதே வரிசைதான். பிள்ளை விழுந்து விழுந்து படிக்கும் புத்தகத்தைத்தான் பெரியவர்கள் முதலில் பிடுங்குகிறார்கள்.

நம் ஊரில் பிடுங்கக்கூட வேண்டியதில்லை, பூட்டி வைத்தால் போதும். எத்தனையோ பள்ளிகளில் தலைமையாசிரியர் அறையில் ஒரு இரும்பு பீரோ. உள்ளே புத்தகங்கள், வெளியே பூட்டு, மேசையில் ஸ்டாக் ரிஜிஸ்டர். ஒரு புத்தகம் காணாமல் போனால் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்குமோ, ஆடிட்டில் கேள்வி வருமோ என்ற பயத்தில் அதைத் திறக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வருவதில்லை. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை, விதி அப்படி. நூலகப் பாடவேளை என்று கால அட்டவணையில் ஒன்று இருக்கும், அதைக் கணக்குப் பாடம் வாங்கிக்கொள்ளும். கல்வியாளர் கிஜுபாய் பதேக்கா எழுதிய ‘பகல் கனவு’ தமிழில் பல ஆண்டுகளாகக் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்புக்குள் நுழைந்ததும் பாடத்தை ஓரம் வைத்துவிட்டுக் கதை சொல்ல ஆரம்பிப்பார். பாடப் புத்தகம் வாங்கும் காசைப் பிள்ளைகளிடம் திரட்டி, வகுப்புக்குள்ளேயே ஒரு சின்ன நூலகம் அமைப்பார். ஆசிரியர் பயிற்சியில் பலரும் கேள்விப்பட்ட நூல்தான். பீரோச் சாவி மட்டும் இடம் மாறவில்லை.

அப்படியானால் எதைக் கொடுப்பது? புலி வரட்டும் முதலில். தி.ஜ.ர. தமிழில் தந்த ஜிம் கார்பெட்டின் ஆட்கொல்லிப் புலிக் கதைகளை ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டி, புலி புதரிலிருந்து பாயும் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். மறுநாள் அந்தப் புத்தகத்துக்குச் சண்டை நடக்கும். வேப்பமரத்தில் கூடு தேடி ஏறுகிற பையனுக்கு கி.ரா.வின் ‘பிஞ்சுகள்’ இருக்கிறது. கீழடியைப் பற்றிக் கேட்கிறவனுக்கு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ உண்டு. 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நூல். ரோபோ பைத்தியத்துக்குச் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. அதில் ஜீனோ என்கிற இயந்திர நாய் பேசும். கதையே பிடிக்காத பையனும் உண்டு, அவன் கதை படித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எஞ்சின் எப்படி ஓடுகிறது, பாம்பு எப்படிச் சட்டை உரிக்கிறது என்று கேட்பவனுக்கு, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் ‘துளிர்’ இதழ் இருக்கிறது. கிரிக்கெட் பக்கத்தை மட்டும் படிக்கிறவனையும் வாசகன் என்றே ஒப்புக்கொள்ளுங்கள். இவற்றில் எதையும் ஆண்பிள்ளைப் புத்தகம் என்று தனி அலமாரியில் வைக்காதீர்கள்; புலிக் கதை பெண்பிள்ளைகளுக்கும் வேண்டும்.

பாதியில் வைத்தால் வைக்கட்டும். பிடிக்காத பக்கத்தைத் தாண்டட்டும். ஒரே காமிக்ஸை மறுபடி மறுபடி படிக்கட்டும். டேனியல் பென்னாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், பல காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர், இவற்றையெல்லாம் வாசகனின் உரிமைகள் என்றே 1992-இல் எழுதி வைத்தார். நாம் அனுபவிக்கும் உரிமைகள்தான். பிள்ளைகளுக்கு மட்டும் மறுக்கிறோம். படித்து முடித்ததும் சுருக்கம் எழுது, நீதி என்ன சொல் என்று கேட்பதை இன்றே நிறுத்த வேண்டும்.

அரசிடம் கேட்பது ஒன்றுதான்: பள்ளி நூலகப் புத்தகத்தில் ஆண்டுக்கு இத்தனை கிழியலாம், இத்தனை தொலையலாம் என்று தெளிவாக ஓர் ஆணை போடுங்கள், ஆசிரியர் கைக்காசு போகாது என்று அதில் எழுத்தில் இருக்கட்டும். பள்ளிகளிடம் கேட்பதும் ஒன்றுதான்: அடுத்த ஆண்டு விழாவுக்குப் பரிசுப் புத்தகங்களைக் கட்டாக வாங்கி வராதீர்கள். மாவட்டத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது, பரிசு வாங்கப் போகும் பிள்ளைகளையே வேனில் ஏற்றிப் போய், ஆளுக்கு இருநூறு ரூபாயைக் கையில் கொடுத்து, எந்தக் கடை என்று சொல்லாமல் விட்டுவிடுங்கள்.