நாலு சாட்சி எங்கே?



கொழும்புக்குப் படிக்கவும் வேலைக்கும் போன நமது பெண் பிள்ளைகளின் படங்கள் ஊர் வட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றுகின்றன. முடியைக் கட்டையாக வெட்டினால் ஒரு படம். நமக்குப் பழக்கமில்லாத கூட்டத்தோடு நின்றால் இன்னொரு படம். தோழியோடு அறை எடுத்துத் தங்கினால் அதற்கொரு பெயர். "அஸ்தஃபிருல்லாஹ்" என்று எழுதிய அதே விரலால் அடுத்த குரூப்புக்கும் அனுப்புகிறோம்.

சூரா அந்நூர் 4ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். பெண்ணின் ஒழுக்கத்தில் பழி சொல்பவர் நாலு சாட்சி கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் 80 கசையடி. அதன்பின் அவர் சாட்சியம் செல்லாது. தண்டனை பழி சொன்னவருக்கு! சூரா ஹுஜுராத் 12ஆம் வசனம் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. நாமோ ஒரு ஸ்கிரீன்ஷொட்டை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

ஏறாவூர் எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் 2012இல் பிபிசி தமிழோசையில் பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அப்பெண்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்றார். ஒரு கருத்து, அவ்வளவுதான். மறுத்திருக்கலாம். ஆனால் மிரட்டினார்கள், அவர் நாட்டை விட்டே போக நேர்ந்தது. 2015இல், உயிரோடு இருந்தவரை வல்லுறவு செய்து கொன்றுவிட்டதாகப் பொய்ச் செய்தி பரப்பினார்கள். மார்க்கத்தைக் காக்கவா அந்தப் பொய்?

"நாட்டுச் சட்டமே தடுக்கிறதே" என்பார்கள். அந்த 365அ பிரிவு வெள்ளைக்காரனின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளது. ஷரீஆவில் இருந்து வந்ததல்ல. 1995இல்தான் பெண்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். ரொசான்னா பிளேமர் கல்தேரா என்ற இலங்கைப் பெண் ஐ.நா. பெண்கள் உரிமைக் குழுவிடம் முறையிட்டார். அது பெண்களின் உரிமையை மீறுகிறது என்று அக்குழு 2022இல் சொல்லிவிட்டது.

எது ஹலால், எது ஹராம் என்று உலமாக்கள் பேசட்டும். தான் யார், தன் மனம் யாரை நாடுகிறது என்று ஒரு பிள்ளை தனக்குள் கேட்பதைத் தடுக்க நம்மால் முடியாது. பெரியவளானால் ஊரைக் கூட்டுகிறோம். அதற்குப் பிறகு உடலைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை உண்டா? இனப்பெருக்கப் பாடம் வந்தால் "வீட்டில் வாசியுங்கள்" என்று தாண்டும் வகுப்புகள் எத்தனை? கேட்க நம்மிடம் ஆளில்லாத கேள்வியைக் கேட்கத்தான் அவள் தெரியாத கூட்டத்திடம் போகிறாள். அங்கே காது கொடுத்துக் கேட்கிறார்கள். நல்லவர்களும் இருப்பார்கள், ஏமாற்றுகிறவர்களும் இருப்பார்கள். ஏமாந்தால் திரும்பி வர வீடு வேண்டாமா? அந்த வாசலைத்தான் நமது குரூப்புகள் அடைக்கின்றன.

1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலி என்று மன்னார் முழுவதிலும் இருந்து நம்மை விரட்டினார்கள். யார் என்ன செய்தார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. சந்தேகமே தீர்ப்பானது. கற்பிட்டி, புத்தளம் என்று அகதியாக அலைந்த சமூகம் நாம். விசாரணையில்லாமல் ஒருவரை ஊரை விட்டுத் துரத்துவது என்னவென்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

குரூப் நடத்துகிறவர்களே, அந்தப் படங்களை இன்றே அழியுங்கள். அனுப்புகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: நாலு சாட்சி எங்கே?