தலைப்பகுதியில் எழுதியிருக்கும் பெயர்

டோக்கியோவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். ஓச்சனோமிசு கிடார் கடைத்தெருவில் மூன்று சனிக்கிழமைகளாக அலைகிறானாம். கையில் ஓராண்டுச் சேமிப்பு இருக்கிறது. புதிய கிப்ஸன் லெஸ் பால் ஒன்றுக்கு அது போதாது. ஆனால் அதே வடிவில் எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானிலேயே செய்யப்பட்ட பழைய டோக்காய் ஒன்றுக்குப் போதும். "கையில் எடுத்தால் இதுதான் என்று தோன்றுகிறது மாமா. ஆனால் குழுவில் எல்லோரும் நகல் என்பார்களே" என்று முடித்திருந்தான்.

அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. அதையே சற்று ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

கிடார் பழக்கமில்லாத நண்பர்களுக்குச் சிறு விளக்கம். உள்ளே வெற்றிடமில்லாத கனத்த மரம் இதன் உடல். கழுத்து உடலோடு சேருமிடத்தில், கை மேல் ஸ்தாயிக்கு எட்டுவதற்காக, ஒரு பக்கம் மட்டும் பிறைபோல வெட்டியிருப்பார்கள். மஹோகனி உடல், அதன்மேல் வளைவாகச் செதுக்கிய மேப்பிள் பலகை, பசையிட்டு ஒட்டிய கழுத்து. 1952-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் கிப்ஸன் நிறுவனம் இதைச் செய்து, கிடார் கலைஞர் லெஸ் பாலின் பெயரைச் சூட்டியது. 1957-ல் இரைச்சலை அடக்கும் ஹம்பக்கர் பிக்கப்புகள் சேர்ந்தபோது அதன் குரல் முழுமையடைந்தது.

இத்தனை புகழ்பெற்ற வாத்தியம் அன்று சரியாக விற்கவில்லை என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1961-ல் கிப்ஸன் இவ்வடிவையே கைவிட்டு, இரு கொம்புகள் கொண்ட மெல்லிய உடலுக்கு மாறியது. இங்கிலாந்தின் ப்ளூஸ் இளைஞர்கள்தான் பழைய கிடார்களைத் தேடி எடுத்தார்கள். 1966-ல் ஜான் மேயல் குழுவின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் வாசித்ததைக் கேட்ட பிறகு ஊரே அவற்றைத் தேடியது. கிப்ஸன் விழித்துக்கொண்டு மறுபடி செய்யத் தொடங்கியது 1968-ல். 1958 முதல் 1960 வரை செய்யப்பட்ட, மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 1,500 சன்பர்ஸ்ட் கிடார்கள் இன்று சில லட்சம் டாலருக்கு விலைபோகின்றன. செய்தவர்கள் கைவிட்டதை வாசித்தவர்கள் மீட்டெடுத்தார்கள். ஆகவே அசல் என்ற சொல்லின் உரிமை முழுவதும் நிறுவனத்துக்கே என்பதை நான் ஏற்கத் தயாராக இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்பதுகளில் லெஸ் பால் மோகத்தை மீண்டும் கிளப்பியது கன்ஸ் அன்ட் ரோஸஸ் குழுவின் 1987 முதல் தொகுப்பு. அதில் ஸ்லாஷ் வாசித்த கிடார் கிப்ஸன் செய்ததன்று. கிரிஸ் டெரிக் என்ற தனிக் கைவினைஞர் செய்த பிரதி அது. அந்த ஒலியை விரும்பி எத்தனை ஆயிரம் பேர் கடைக்குப் போய்க் கிப்ஸன் வாங்கியிருப்பார்கள்! வேடிக்கை அத்தோடு முடியவில்லை. 2010-ல் கிப்ஸனே அந்தக் கிடாரை நினைவூட்டும் சிறப்பு மாதிரியை வெளியிட்டது. பிரதிக்கு அசல்காரர் எடுத்த பிரதி.

என் மனத்தை அதிகம் தொட்டது கலமசூ கதை. 1984-ல் கிப்ஸன் அங்கிருந்த ஆலையை மூடி, எல்லாவற்றையும் நாஷ்விலுக்குக் கொண்டுபோனது. ஊரைவிட்டுப் போக மனமில்லாத ஊழியர்கள் சிலர் இருந்தார்கள். ஜிம் டர்லோ, மார்வின் லாம், ஜே. பி. மோட்ஸ் ஆகியோர் 1985-ல் அதே பார்சன்ஸ் தெருக் கட்டடத்தில், பழைய இயந்திரங்கள் சிலவற்றை வாங்கி வைத்துக்கொண்டு, ஹெரிட்டேஜ் என்ற பெயரில் தொழிலைத் தொடங்கினார்கள். அவர்களுடைய எச்-150 கிடார் லெஸ் பாலின் வடிவம்தான். பெயர் நாஷ்விலுக்குப் போயிற்று. கட்டடமும் பழகிய கைகளும் கலமசூவிலேயே இருந்தன. எது நகல்?

வழக்குமன்றங்களிலும் இந்தக் கேள்வி போய் நின்றது. 1977-ல் கிப்ஸனின் அன்றைய உடைமை நிறுவனமான நார்லின், ஜப்பானிய ஐபனெஸின் அமெரிக்க விற்பனையாளர்கள்மீது வழக்குத் தொடுத்தது. அதுவும் தலைப்பகுதியின் வடிவத்துக்காக மட்டுமே. மறு ஆண்டே சமரசமாயிற்று. பத்தாண்டுகள் கழித்து, 1988 முதல், ஓர்வில் என்ற பெயரில் ஜப்பானியப் பட்டறைகளிலேயே லெஸ் பால்கள் செய்ய வைத்ததும் கிப்ஸன்தான். பின்னர் பால் ரீட் ஸ்மித் நிறுவனத்தின் ஒற்றை வெட்டுக் கிடாருக்கு எதிரான வழக்கு. கடையில் வாங்குபவர் எவரும் குழம்பமாட்டார் என்பதை ஒப்புக்கொண்ட கிப்ஸன், புகைமூட்டமான மதுக்கூடத்தில் தூரத்திலிருந்து பார்ப்பவர் குழம்பக்கூடும் என்று வாதிட்டது. 2004-ல் விதிக்கப்பட்ட தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-ல் நீக்கியது. லெஸ் பால் பிறந்த காலத்தில் கிப்ஸனின் தலைவராயிருந்த டெட் மெக்கார்ட்டி, முதுமையில் ஆலோசனை சொல்லிக்கொடுத்தது இந்தப் பால் ரீட் ஸ்மித்துக்குத்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதனால் போலிகளை நான் ஆதரிப்பதாக எண்ண வேண்டாம். செய்தவன் தன் பெயரை மறைத்துக் கிப்ஸன் என்று பொறித்து விற்பது திருட்டு. கம்பன் வால்மீகியின் கதையை எடுத்துக்கொண்டான், அதை ஒளிக்கவுமில்லை. பாடியது தன் குரலில். தலைப்பகுதியில் டோக்காய் என்று எழுதியிருக்கும் கிடார் அந்த வகையைச் சேர்ந்தது.

இனி வாங்கும் விஷயம். எபிஃபோன் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. 1957-ல் கிப்ஸன் வாங்கிய பெயர் அது, கருவியும் மோசமில்லை. ஆனால் நான் பார்த்தவர்களில் பலர் பெரிய பெயருக்கு அருகில் நிற்பதற்காகவே அதை வாங்கி, இரண்டாண்டில் விற்றுவிட்டார்கள். புதிதாகத்தான் வேண்டுமென்றால் பால் ரீட் ஸ்மித்தின் எஸ்இ வரிசை நம்பத்தக்கது. வயலினில் தொடங்கிய ஈஸ்ட்மன் நிறுவனத்தின் எஸ்பி59-ஐயும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். பணம் இருந்தால் ஹெரிட்டேஜ். ஓச்சனோமிசுவில் நிற்பவனுக்கு நான் சொல்வது பழைய டோக்காய் அல்லது பர்னி.

ஆனால் பார்த்து வாங்க வேண்டும். லெஸ் பாலின் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்தது. கழுத்தில் மரம் மிக மெலிந்திருப்பதும் அங்கேதான். கீழே விழுந்தால் அவ்விடத்தில் உடையும். விசுவாசமான பிரதிகள் இந்தக் குறையையும் விசுவாசமாகவே பிரதியெடுத்திருக்கின்றன. விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து விரிசலோ பழுது பார்த்த தடமோ தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்திக் கேட்க வேண்டும். தேய்ந்த ஃப்ரெட்டுகளை மாற்றும் செலவு விலையில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். (அந்த விரற்பலகையில் இருப்பது பல கிடார்களில் நம் ஊர் ஈட்டி மரம். 2011-ல் அமெரிக்க அரசு கிப்ஸன் ஆலைகளில் நடத்திய சோதனை இந்தியாவிலிருந்து போன ஈட்டியையும் கருங்காலியையும் பற்றியது.) கடைசியாக, கடைக்காரர் முகம் சுளித்தாலும், தோளில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்று வாசிக்க வேண்டும். இந்த வடிவத்தின் எடை உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது.

நேற்றுப் பதில் வந்தது. டோக்காயையே வாங்கிவிட்டான். நாலேகால் கிலோவாம். விரிசல் இல்லை. மூன்றாம் தந்தி மட்டும் சுருதியில் நிற்கவில்லை, தந்திகள் படியும் எலும்புக் கட்டையை மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொன்னாராம். குழுவினர் என்ன சொன்னார்கள் என்று கேட்டிருந்தேன். அதற்கு அவன் ஒன்றும் எழுதவில்லை.