தாத்தா வாங்கித் தந்த ஷூ

கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜனுக்கு முதல் பயிற்சியாளர் அவருடைய தாத்தா. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளான 13 வயதுப் பேத்தியைக் குடிசைக்கு வெளியே மண்தரையில் ஓடப் பழக்கினார். ஷூவும் வாங்கித் தந்தார். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் சாந்திக்கு வெள்ளி. பாலினப் பரிசோதனையைக் காட்டி அதைப் பறித்தார்கள். 2012-ல் அவரும் சூளையில் கூலிக்கு நின்றார். நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது 2016-ல்தான். பத்து வருஷம்!

குன்றாண்டார்கோவில் ஒன்றியக் காலனிகளிலும் பிள்ளைக்குத் தானே பயிற்சி தர நினைக்கும் அப்பா இருப்பார். ஓடவாவது மண்தரை போதும். கூடைப்பந்துக்கு வளையமும் சிமென்ட் தரையும் வேண்டுமே, எங்கே போவார்? அதைக் காலனிப் பிள்ளைகளும் தயங்காமல் வந்து ஆடும் பொது இடத்தில் அமைக்க வேண்டும். அடுத்த கிராமசபையில் கல்லூரி மாணவர்களே எழுந்து கேளுங்கள். தீர்மானத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.