சத்தமும் சங்கீதமும்

"இதுவும் ஒரு சங்கீதமா? வெறுஞ் சத்தம்!" இவ்வாக்கியத்தைத் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் சொல்லாத தந்தையரும், கேளாத மைந்தரும் நம்மிடையே மிகச் சிலராகவே இருப்பர். இரு கிழமைகளுக்கு முன்னர் யானும் அதனைச் சொன்னேன். உயர்தர வகுப்பிற் பயிலும் என் மகன் தன் அறையில் ஏதோ ஓர் இசையை ஒலிக்கவிட்டிருந்தான். மாணவர் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்த எனக்கு, தகரக் கூரையின் மீது எவரோ கல்லெறிவது போலிருந்தது. எழுந்து சென்று நிறுத்தச் சொன்னேன். அவன் மறுபேச்சின்றி நிறுத்தினான். பின்னர், "அப்பா, நீங்கள் இன்று சொன்னதையே 1998ஆம் ஆண்டில் இக்குழுவின் சொந்த ரசிகர்கள் பலரும் சொன்னார்கள்" என்றான்.

அவ்வார்த்தை என்னைச் சிந்திக்க வைத்தது. அயலார் இகழ்வது உலக வழக்கம். ஒரு கலைஞனை விரும்பிப் போற்றியவர்களே அவனை நோக்கி, "இது இசையன்று" எனச் சொல்ல நேர்ந்தது எவ்வாறு? கட்டுரைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அக்கதையைக் கூறுமாறு மகனைக் கேட்டேன். அவன் சொன்னதையும், பின்னர் யான் தேடி அறிந்தவற்றையும் ஈண்டுத் தருகின்றேன்.

1980களில் அமெரிக்காவில், சிறப்பாகப் புளோரிடா மாநிலத்தில், 'டெத் மெற்றல்' என்னும் இசைவகை வளர்ந்தது. தாழ்ந்த சுருதியில் அமைந்த மின்கிற்றார்கள், ஓயாது பொழியும் முரசொலி, அடித்தொண்டையிலிருந்து எழும் உறுமற் குரல் ஆகியன அதன் அடையாளங்கள். அதனுள்ளேயே தாள மாற்றங்களும் விரல் நுட்பமும் மிகுந்த ஒரு பிரிவும் தோன்றிற்று. வெளியே நின்று கேட்போருக்கு அது கட்டுக்கடங்காத கூச்சல். உள்ளே இருப்போருக்கோ கண்டிப்பான இலக்கணம் உடைய ஒரு மரபு. இலக்கணம் உள்ள இடத்தில் வழுவும் உண்டு. வழுவைச் சுட்டும் புலவர்களும் உண்டு.

கனடாவின் கியூபெக் மாகாணத்திலே, ஷேர்புறூக் என்னும் நகரில், 1989இல் 'கோர்கற்ஸ்' என்னுங் குழு தொடங்கிற்று. லூக் லெமே என்பவர் அதன் தலைவர். 1991இலும் 1993இலும் வெளிவந்த அவர்களுடைய இரு இசைத்தட்டுகளும் மரபு பிறழாதவை. ஆதலால் நல்வரவேற்புப் பெற்றன. ஆனால் அவற்றை வெளியிட்ட நிறுவனம் பின்னர் அவர்களைக் கைவிட்டது. வெளியிடுவார் எவருமின்றி, ஸ்டீவ் ஹேர்டில் என்ற கிற்றார்க் கலைஞரும் உடன்சேர, அவர்கள் ஆண்டுக்கணக்காக ஒரு புதிய முயற்சியில் ஈடுபட்டனர். 1998இல் அது 'ஒப்ஸ்கியூரா' என்னும் பெயருடன் வெளிவந்தது.

ஐந்தாண்டுகள் காத்திருந்த ரசிகர்கள் அதனை வாங்கிக் கேட்டுத் திகைத்தனர். பழந்தமிழ் இசை நூலார் சுரங்களின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என நால்வகையாகப் பகுத்ததை வாசகர்கள் அறிவர். பகைச் சுரங்களை அஞ்சி விலக்குவதே பெரும்பாலும் உலகத்து வழக்கு. இவர்களோ பகையையே அடித்தளமாக்கி ஒரு மணி நேர இசையைக் கட்டினர். கிற்றார் இங்கே பாடவில்லை. முனகியது, கிறீச்சிட்டது, உராய்ந்தது. ஓட்டம் வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, 'கிளௌடெட்' என்ற பாடல் ஒன்பது நிமிடங்களுக்கு மேலாக ஊர்ந்து சென்றது. லெமே ஐரோப்பிய சாஸ்திரிய சங்கீதத்தையும் பயின்றவர்; ஷொஸ்டகோவிச், பென்டரெட்ஸ்கி ஆகியோரது ஆக்கங்களில் ஆழ்ந்தவர். அவ்வழி வந்த செவியைத் தம் மரபினுள் அவர் கொண்டுவந்தார். இதனை அறியாதார் பலர், வாத்தியங்கள் சுருதி கெட்டன என்றனர். கேட்போரை ஏளனஞ் செய்கின்றனர் என்றனர். ஒரு சிலர் மட்டும், இதுகாறும் கேளாத ஒன்றைக் கேட்டோம் என மகிழ்ந்தனர்.

மறுத்தோரை மூடர் என்று சொல்ல யான் துணியேன். உழைத்த பணத்தைக் கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள், நெடுநாட் காத்திருந்தவர்கள். பழகிய வீட்டுக் கதவைத் தட்டியபோது அந்நியன் ஒருவன் வந்து திறந்தால் மனம் திடுக்குறுவது இயல்பேயாகும். மேலும், புதுமை யாவும் பெருமை ஆகிவிடுவதில்லை. மாறிப் பார்த்துத் தோற்ற கலைஞர் பலருளர். அவர்களைக் காலமும் கைதூக்கி விடவில்லை.

ஆயினும் 'ஒப்ஸ்கியூரா'வின் கதி வேறாயிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல அதனைத் திரும்பவும் எடுத்துக் கேட்டவர்கள் பெருகினர். ஒழுங்கின்மை எனப்பட்ட இடங்களில் ஒழுங்கு புலப்பட்டது. பகைச் சுரங்களைக் கொண்டே இசை அமைக்கும் ஒரு கிளை மரபு அதன் வழியிற் கிளைத்தது. நியூசிலாந்து வரை அதன் வேர் ஓடியது. இதற்கிடையில் குழுவோ அல்லலுற்றது. 2001இல் இன்னொரு தட்டு வெளிவந்தது. மறு ஆண்டில் முரசுக் கலைஞர் ஸ்டீவ் மக்டொனால்ட் காலமானார். குழு ஓய்ந்தது. லெமே தச்சு வேலையிற் புகுந்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2013இல், அவர் 'கலர்ட் சாண்ட்ஸ்' என்ற இசைத்தட்டுடன் மீண்டார். வண்ண மணல் என்பது அதன் பொருள். திபெத்தியத் துறவிகள் நாட்கணக்கிற் பொடி மணலால் மண்டலம் வரைந்து, முடிந்ததும் தாமே அதனைக் கலைத்துவிடும் வழக்கத்தைக் குறிப்பது அது. முற்பாதி திபெத்தின் மாண்பைச் சொல்கிறது. பிற்பாதி அந்நாட்டின் துயரத்தைச் சொல்கிறது. இரண்டுக்கும் இடையே, 1950இல் நிகழ்ந்த சாம்டோப் போரின் பெயரால், தந்தி வாத்தியங்கள் மாத்திரம் இசைக்கும் ஒரு பகுதி உண்டு. உடன் வாசித்த மூவரும் புதியவர்கள். 'ஒப்ஸ்கியூரா'வை உவந்து கேட்ட இளையோரும் அவர்களுள் இருந்தனர். ஸ்டீவ் ஹேர்டில் இதனைக் கேட்க இருக்கவில்லை. 2012இலேயே அவர் மறைந்துவிட்டார்.

இத்தட்டைப் பெரும்பாலார் புகழ்ந்தனர். குறை கூறியவர்களும் இருந்தனர். அவர்கள் கூறிய குறைதான் விந்தையானது: இது மிகவும் சீராக இருக்கிறது, 'ஒப்ஸ்கியூரா'வின் மூர்க்கம் இதில் இல்லை என்பதே அது! அன்று இசையே அன்று எனத் தள்ளப்பட்டது, இன்று பிற இசையை அளக்கும் முழக்கோலாகிவிட்டது. வீடு கட்டுவோன் புறக்கணித்த கல்லைப் பின்வந்தோர் எடைக்கல்லாக்கிக் கொண்டனர்.

வாசகர்களே, இதிலிருந்து யான் கற்றுக்கொண்டது ஒன்றுண்டு. "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது ஒரு கூற்று. "இது இசையன்று" என்பது வேறொரு கூற்று. முன்னையது என்னைப் பற்றிய செய்தி. அதனைச் சொல்ல எவருக்கும் உரிமையுண்டு. பின்னையது தீர்ப்பு. தீர்ப்புச் சொல்பவன் வழக்கை முழுவதும் கேட்டிருத்தல் வேண்டும்.

இதனை எழுதுகையில் ஒரு பழைய நினைவு உறுத்துகின்றது. பல்லாண்டுகளுக்கு முன், என் வகுப்பு மாணவன் ஒருவன் 'மழைக்காலம்' என்ற தலைப்புக்கு, முகவுரையும் முடிவுரையுமின்றி, ஒழுகும் கூரையின் கீழ் இரவெல்லாம் பாத்திரங்களை இடம் மாற்றி வைக்கும் ஒரு தாயைப் பற்றி எழுதித் தந்தான். யான் சிவப்பு மையினால், "இது கட்டுரையன்று" என எழுதித் திருப்பிக் கொடுத்தேன். பரீட்சை விதிப்படி யான் எழுதியது சரியாக இருக்கலாம். ஆனால் அதன்பின் அவன் எழுதியவை யாவும் முகவுரையும் முடிவுரையும் உடையனவாய், உயிரற்றனவாய் இருந்தன. யான் படித்த நூற்றுக்கணக்கான மழைக்காலங்களுள் இன்றும் நினைவில் நிற்பது அந்தப் பாத்திரங்கள் மட்டுமே. இதனை அவனிடம் யான் சொல்லவேயில்லை.

சென்ற ஞாயிறு மாலை மகனின் அறையில் அமர்ந்து 'ஒப்ஸ்கியூரா'வை முழுவதும் கேட்டேன். உண்மையைச் சொல்வதாயின், எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் 'கிளௌடெட்' ஒலிக்கையில், ஒரே சுமையை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும் மாட்டின் மூச்சுப் போன்ற ஏதோ ஒன்று அதிற் புலப்பட்டது. அதனை மகனிடம் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்த இடத்தை இன்னொரு முறை போடட்டுமா, அப்பா?" என்று கேட்டான். போடச் சொன்னேன்.