ஐந்து நாள் பயணத்தில் நம் பெயர் எங்கே?



சங்க வேலையாகக் கொழும்புக்குப் போயிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில் என் பழைய மாணவன் ஒருவனைச் சந்தித்தேன். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு தோட்டத்தை விட்டு வந்தவன். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓர் அச்சகத்தில் தாள் அடுக்கிக் கட்டுகிறான். பையிலிருந்து பளபளப்பான துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"சேர், இந்தப் படத்தப் பாருங்க. நம்ம மூணாம் நம்பர் மலைதானே? கூடையோட நிக்கிறது எங்க பெரியம்மா சேர்."

அவர்தான். தோட்டத்துக்குத் திரும்பியதும் நேரே அவரிடம் போய்க் கேட்டேன். படம் அச்சில் வந்ததே அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. இங்கே நில், அங்கே திரும்பு, சிரி என்று அரை மணி நேரம் மறித்து வைத்தார்களாம். அன்று நிறுவையில் கொழுந்து குறைந்தது. அரைப் பேர்தான் விழுந்தது.

அந்தப் பிரசுரம் ஒரு சுற்றுலாவின் விளம்பரம். கட்டடக் கலை, கைவினை, மலைநாட்டு இயற்கை மூன்றையும் ஐந்து நாளில் வழிகாட்டியோடு பார்க்கலாம் என்கிறது. முதல் நாள் கொச்சிக்கடையில் அந்தோனியார் கோயிலும் பொன்னம்பலவாணேசர் கோயிலும். அடுத்து கண்டி, எம்பக்கே தேவாலயத்தின் மரச் சிற்பத் தூண்கள், பிலிமத்தலாவைப் பித்தளை வேலை. அதன்பின் ரயிலேறி மலைக்கு வந்து, துரை பங்களாவில் தங்கி, தேயிலைத் தொழிற்சாலை பார்த்து, தோட்டப் பாதையில் நடக்கலாம். கட்டணம் டொலரில். முழுப் பிரசுரத்திலும் 'தொழிலாளி' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நீர்வீழ்ச்சிக்கும் மூடுபனிக்கும் நடுவில் நம் பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலகம் நம் மலைக்கு வரட்டும். ஆனால் இந்தப் பயணத்தில் நம் கதையைச் சொல்வது யார், நம் மலையால் வரும் காசு போவது எங்கே என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வேண்டும்.

முதல் நாளிலிருந்தே பார்ப்போம். பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் தூண்களை வழிகாட்டி தொட்டுக் காட்டுவார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கட்டியது என்பார். அவருடைய தம்பி அருணாசலம் தோட்டத் தொழிலாளருக்காக என்ன செய்தார் என்பதையும் சொல்வாரா? 1919இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கத்தை அமைத்து, துண்டு முறைக்கு எதிராகக் குரல் கொடுத்தவர் அருணாசலம். நம் பூட்டன் பூட்டி காலத்தில் ஒரு தொழிலாளி தோட்டம் மாறவேண்டுமானால், அவர் பேரில் எழுதிய கடனைக் காட்டும் ஒரு துண்டுக் காகிதம் வேண்டும். அந்தக் கடனைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் அவர் போகலாம். ஆளை அடகுக் கடையில் வைத்த மாதிரி. அந்த முறை 1921இல் ஒழிந்தது. தூணைச் செதுக்கிய கையைப் புகழும்போது, அதே தமிழ்நாட்டிலிருந்து வந்து மலையைச் செதுக்கிய கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

ரயிலுக்கு வருவோம். பாதை 1867இல் கண்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் வந்தது. யன்னலோரம் இருந்து படம் எடுக்கவா அந்தப் பாதையைப் போட்டார்கள்? மலையில் விளைந்த கோப்பியையும் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கத்தான் போட்டார்கள். இன்று கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நடைபாதையை உலகமே பாராட்டுகிறது. அதில் பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகள். அவற்றை வெட்டியவர்கள் நம் முன்னோர். கொழுந்து சுமந்து, பிணம் சுமந்து, பள்ளிக்கூடப் பை சுமந்து அந்தப் பாதைகளை இன்றுவரை அழியாமல் வைத்திருப்பவர்கள் நாம்.

கட்டடக் கலை பற்றியும் பேசுவோம். மேட்டில் பங்களா, கீழே தொழிற்சாலை, அதற்கப்பால் உத்தியோகத்தர் வீடு, பள்ளத்தில் லயம். யார் யாரைப் பார்க்கவேண்டும், யார் எங்கே நிற்கவேண்டும் என்று கணக்குப் போட்டே தோட்டத்தைக் கட்டினார்கள். பங்களாவின் அழகை மட்டும் காட்டினால் பாதிக் கட்டடம்தான் தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்து எழும்பியதையும் சொன்னால்தான் கதை முழுமையாகும். "லயத்தைக் காட்டினால் நமக்கு வெட்கம்" என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். அந்த வெட்கம் கட்டியவனுக்கும், கட்டியதை இன்றுவரை மாற்றாதவனுக்கும் உரியது. ஆனால் கேட்காமல் கொள்ளாமல் இஸ்தோப்பில் ஏறி கமெராவைத் தூக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அது ஒரு குடும்பம் வாழும் வீடு.

கைவினையிலும் இதே கதைதான். பித்தளையும் மரச் சிற்பமும் அருமையான கலைகள், மறுக்கவில்லை. நம்மிடம் எதுவும் இல்லையா? பிரம்புக் கூடை பின்னத் தெரிந்த தாத்தாமார் இன்னும் இருக்கிறார்கள். மாசியில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் எல்லாம் இருக்கின்றன. தோல் காய்ச்சித் தப்படிக்கும் கலைஞர் இருக்கிறார்கள். ஹோட்டல் வாசலில் விருந்தாளி வரும்போது அடிக்க மட்டும் அவர்களைக் கூப்பிடுகிறார்கள். அந்தத் தப்பின் வரலாற்றை அவர்கள் வாயால் கேட்க ஒருவரும் இல்லை.

"வெள்ளைக்காரர் வந்தால் பிள்ளைகளுக்கு நாலு காசு கிடைக்குமே சேர்" என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார். நான் வாத்தியார். பள்ளிக்கூட நேரத்தில் றோட்டு வளைவுகளில் பூங்கொத்தோடு வாகனத்தின் பின்னால் ஓடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த நாலு காசுக்காக வகுப்பில் ஓர் இடம் காலியாகிறது. நாம் கேட்பது சில்லறையை அல்ல, உரிமையை.

ஆம், உரிமைதான். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நிலம் இன்னும் அரசின் நிலம். கம்பனிகளிடம் இருப்பது குத்தகை. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2015இல் தொடங்கிய போராட்டம் 2021இல்தான் முடிந்தது. அத்தனை வருடமும் "தேயிலையில் வருமானம் இல்லை" என்பதே பதில். சரி, அதே பொது நிலத்தில் பங்களாவாலும் நடைபாதையாலும் வரும் வருமானத்தை ஏன் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை?

நம்மாலும் வழிகாட்ட முடியும். 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்த மலையக 200 நடைபயணத்தை மறந்துவிட்டோமா? முன்னோர் நடந்த வழியில் நாமே நடந்தோம், நாமே கதை சொன்னோம். கம்பளைப் பகுதியில் ஒரு பழைய லயமே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007 முதல் இருக்கிறது. கொச்சிக்கடையிலிருந்து புறப்படும் எத்தனை பயணங்கள் அங்கே நிற்கின்றன?

ஆகவே, எல்லாத் தோட்டக் கமிட்டிகளும் மாதர் சங்கங்களும் அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி சங்கத்துக்கு அனுப்பும்படி கேட்கிறேன்:

1. தோட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு சுற்றுலாக் குழுவோடும் அந்தத் தோட்டத்து இளைஞரோ யுவதியோ வழிகாட்டியாகப் போகவேண்டும். அவர்களுக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பயிற்சியும் உரிமமும் தமிழ்மொழியில் கிடைக்கவேண்டும்.

2. அனுமதி இல்லாமல் படம் எடுக்கக்கூடாது. வேலை நேரத்தில் நிறுத்தினால் அந்த நேரத்துக்கு முழுப் பேர் போடவேண்டும். விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் உரியவருக்குக் காசு கொடுக்கவேண்டும்.

3. தோட்டத்தில் வரும் சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கு தொழிலாளர் நலனுக்கு வரவேண்டும். அதன் கணக்கு தோட்டக் கமிட்டிக்குத் தெரியவேண்டும்.

4. நடைபாதைகளிலும் பழைய ஆலைகளிலும் வைக்கும் பலகைகளில் நம் வரலாறு தமிழிலும் இருக்கவேண்டும்.

5. லயத்தைக் காட்சிக்கு வைக்கும் முன்னர் அதில் வாழ்பவர்களுக்குக் காணியும் வீடும் கொடுக்கவேண்டும்.

பெரியம்மாவின் பெயரை இங்கே எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "முதல்ல அவுங்க புத்தகத்துல பேரு போடட்டும், அன்னிக்கு வெட்டுன அரைப் பேரையும் தரட்டும். அப்புறம் நீங்க எழுதுங்க சேர்" என்றார். அதனால் எழுதவில்லை. எழுதும் நாளைக் கொண்டுவருவது நம் கையில் இருக்கிறது.