சூடான மாநிலங்களில் ஐஸ் ஹாக்கி: மாணவர்கள் வளர்த்த லீக்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரம் தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணியை இரண்டு முறை இழந்திருக்கிறது. 1980-ல் ஃபிளேம்ஸ் அணி கனடாவின் கால்கரிக்கு இடம்பெயர்ந்தது. 1999-ல் ஆடத் தொடங்கிய த்ராஷர்ஸ் அணி, 2011-ல் வின்னிபெக் நகருக்கு விற்கப்பட்டது. வெப்பம் மிகுந்த தென்மாநிலங்களில் இந்த ஆட்டம் வேர்பிடிக்காது என்ற எண்ணத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால், அதே ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 2024 இறுதியில் ஒரு புதிய அரங்கு திறக்கப்பட்டது. அதைச் சொந்தக் களமாக்கிக்கொண்ட அணிகளில் ஒன்று, ஜார்ஜியா பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் ‘ஐஸ் டாக்ஸ்’. பல ஆண்டுகள் அட்லாண்டாவின் புறநகர் அரங்குகளை நம்பிப் பயணம்செய்த அணி அது.

கோடீஸ்வர முதலாளிகளால் நிலைநிறுத்த முடியாத ஆட்டத்தை, படித்துக்கொண்டே ஆடும் மாணவர்கள் நிலைநிறுத்தியிருக்கிறார்கள். ஃபுளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, டென்னஸி, கரோலைனாக்கள் எனத் தென்கிழக்கு மாநிலங்களின் பல்கலைக்கழக அணிகள் மோதும் ‘காலேஜ் ஹாக்கி சவுத்’ இன்று கவனிக்கப்பட வேண்டிய ஒரு பிராந்திய லீக். இதன் வளர்ச்சியைக் கொண்டாடுபவர்கள் அணிகளின் எண்ணிக்கையைச் சொல்கிறார்கள். அந்த வளர்ச்சிக்கான பணம் யார் பையிலிருந்து வருகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மாணவர்களே நிர்வாகிகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றதும் நினைவுக்கு வருவது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்சிஏஏ). அதன் முதல் பிரிவில் ஆண்கள் ஐஸ் ஹாக்கி ஆடும் கல்லூரிகள் அறுபதைச் சற்றே தாண்டும். பெரும்பாலானவை மிச்சிகன், மினசோட்டா, மாசசூசெட்ஸ், நியூயார்க் போன்ற குளிர்ப் பிரதேசங்களில் இருக்கின்றன. கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்தில் பெரும்பணம் ஈட்டும் தென்கிழக்கு விளையாட்டுக் கூட்டமைப்பின் (எஸ்இசி) உறுப்புப் பல்கலைக்கழகங்களில் ஒன்றுகூட அதிகாரபூர்வ ஐஸ் ஹாக்கி அணியை வைத்திருக்கவில்லை.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. 1972-ல் நிறைவேறிய ‘டைட்டில் 9’ சட்டத்தின்படி, விளையாட்டு வாய்ப்புகளில் ஆண், பெண் மாணவர்களிடையே பாகுபாடு கூடாது. கால்பந்து அணியே நூற்றைத் தாண்டும் ஆண்களை எடுத்துக்கொள்ளும் ஒரு பல்கலைக்கழகத்தில், ஆண்களுக்கு இன்னோர் அணி தொடங்க வேண்டுமென்றால் பெண்களுக்கும் அதற்கு ஈடான வாய்ப்பைத் தர வேண்டும். அந்தச் சட்டம் நியாயமானது; அதைக் குறைசொல்ல இடமில்லை. பெருந்தொகை ஒதுக்க நிர்வாகங்கள் தயங்கிய இடத்தில் கிளப் அணிகள் முளைத்தன என்பதே உண்மை.

கிளப் அணியில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் மாணவர்கள். அரங்கை வாடகைக்குப் பேசுவது, நடுவர்களுக்குப் பணம் கொடுப்பது, பேருந்து பிடிப்பது, காப்பீட்டுப் படிவம் நிரப்புவது எல்லாம் அவர்கள் வேலை. பல்கலைக்கழகம் பெயரையும் சின்னத்தையும் தருகிறது. சிறிய மானியமும் தரலாம். மீதியெல்லாம் வீரர்கள் கட்டும் பருவக் கட்டணமும் அவர்கள் திரட்டும் நன்கொடையும்தான். இப்படி நாடெங்கும் சிதறிக்கிடந்த அணிகளை ஒருங்கிணைக்க 1991-ல் ‘அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி சங்கம்’ (ஏசிஎச்ஏ) உருவானது. இன்று ஆண்கள், பெண்கள் பிரிவுகளைச் சேர்த்து அதில் பல நூறு அணிகள் ஆடுகின்றன.

வளர்ச்சிக்கு மூன்று காரணங்கள்

முதல் காரணம், 1990-களில் தொழில்முறை அணிகளின் தேசிய ஹாக்கி லீக் (என்எச்எல்) தெற்கு நோக்கி நகர்ந்தது. 1992-ல் டாம்பா பே, 1993-ல் ஃபுளோரிடா பாந்தர்ஸ், 1997-ல் கரோலைனா, 1998-ல் நாஷ்வில் என அணிகள் வரிசையாக வந்தன. டாம்பா பே 2004-லும் கரோலைனா 2006-லும் என்எச்எல் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றன. அப்போது ஐந்து வயதில் சறுக்குக் காலணி மாட்டிய குழந்தை, பல்கலைக்கழகத்தில் நுழைய 13 ஆண்டுகள் ஆகும். தொழில்முறை அணியின் உண்மையான விளைச்சல் இப்படித் தாமதித்துத்தான் வரும். அட்லாண்டாவுக்கும் இது பொருந்தும். த்ராஷர்ஸ் போன பிறகும், அவர்களைப் பார்த்து ஆடக் கற்ற சிறுவர்களும் அவர்கள் பழகிய உள்ளூர் அரங்குகளும் அங்கேயே இருந்தன. ஹாக்கி இங்கே வேர்பிடிக்காது என்று 2011-ல் எழுதப்பட்ட தீர்ப்பு அவசரத் தீர்ப்பு என்று சொல்ல இது போதும்.

இரண்டாவது, மக்களின் இடப்பெயர்வு. வேலைக்காகவும் குறைந்த வாழ்க்கைச் செலவுக்காகவும் வடமாநிலக் குடும்பங்கள் ஃபுளோரிடா, ஜார்ஜியா, கரோலைனாக்களுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வடக்கில் வளர்ந்து தெற்கே படிக்க வரும் மாணவர்களும் பெருகியிருக்கிறார்கள். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய பிறகு, கல்லூரிக்குப் போகிறோம் என்பதற்காக ஸ்டிக்கைப் பரணில் போட அவர்களுக்கு மனமில்லை.

மூன்றாவது காரணம் புதியது. கனடாவின் மேஜர் ஜூனியர் லீகுகளில் ஆடியவர்களை என்சிஏஏ முதல் பிரிவு முன்பு ஏற்றதில்லை. 2024 நவம்பரில் அந்த விதி மாற்றப்பட்டு, 2025 ஆகஸ்ட் முதல் கதவு திறந்தது. முதல் பிரிவு அணிகளின் இடங்களுக்கான போட்டி கடுமையாகும்போது, சற்றே பின்தங்கும் அமெரிக்க இளைஞர்களுக்கு அடுத்த நல்ல வாய்ப்பு கிளப் ஹாக்கிதான். கிளப் ஆட்டத்தின் தரம் வரும் ஆண்டுகளில் இன்னும் உயரும் என்று எதிர்பார்க்க இது ஒன்றே போதும்.

ரசிகர்கள் வருவார்களா என்ற சந்தேகத்துக்கு சவானா நகரம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஜார்ஜியா, ஜார்ஜியா டெக், ஃபுளோரிடா, ஃபுளோரிடா ஸ்டேட் ஆகிய நான்கு அணிகளை வைத்து 1990-களின் இறுதியில் அங்கே ஒரு ஜனவரிப் போட்டி தொடங்கியது. நகர அரங்கில் தற்காலிகமாகப் பனி உறையவைத்து அது நடத்தப்பட்டது. கால்பந்தில் பரம்பரைப் பகை கொண்ட பல்கலைக்கழகங்கள் பனியில் மோதுவதைப் பார்க்கக் கூட்டம் ஆண்டுதோறும் திரண்டது.

பனியின் விலை

கடற்கரையில் பந்து உதைப்பதைப் போல நினைத்த நேரத்தில் ஆடக்கூடிய ஆட்டமல்ல இது. 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட களத்தின் அடியில் குழாய்கள் பரப்பி, உறைநிலைக்கும் கீழே குளிரவைத்த உப்புநீரையோ வேறு குளிர்திரவத்தையோ இடைவிடாமல் ஓட்ட வேண்டும். அதன் மேல் ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்குப் பனி நிற்கும். வெளியே வெயில் 35 டிகிரியைத் தொடும்போதும் உள்ளே ஈரப்பதத்தை அடக்கி வைக்க வேண்டும். பனியைச் சீர்ப்படுத்தும் வண்டியை 1949-ல் உருவாக்கிய ஃபிராங்க் ஸம்போனி, அரங்கு நடத்தியது தெற்குக் கலிஃபோர்னியாவில். வெயில் ஊரிலும் பனியைப் பேணத் தொழில்நுட்பம் உண்டு. அதற்கான மின்கட்டணம்தான் சுமை.

அதனால், தென்மாநிலங்களில் அரங்குகள் குறைவு. ஒரு மணி நேர வாடகை பல நூறு டாலர். மாலை நேரம் சிறுவர் பயிற்சிக்கும் பொதுமக்கள் சறுக்குவதற்கும் போய்விடும். கல்லூரி அணிகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பின்னிரவு. டஸ்கலூசாவில் படிக்கும் அலபாமா பல்கலைக்கழக வீரர்கள், ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம்செய்து பெல்ஹம் நகர அரங்கில் ஆடிவந்திருக்கிறார்கள். நள்ளிரவுப் பயிற்சி, நெடுஞ்சாலைப் பயணம், காலையில் வகுப்பு என்பதே இந்த லீகின் அன்றாடம்.

ஒரு நல்ல ஸ்டிக் மட்டுமே சில நூறு டாலர். கவசங்கள், சறுக்குக் காலணி, பயணம், தங்குமிடம், பருவக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். அணிகள் பெருகுகின்றன, ஆனால், வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும் ஆடும் லீகாக அது சுருங்கினால், அதை வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

தவறான இலக்கு

கிளப் அணியின் வெற்றி என்பது என்சிஏஏ அணியாக உயர்வதுதான் என்று பலரும் கருதுகிறார்கள். இதற்கு இரண்டு முன்னுதாரணங்கள் சொல்லப்படும். பென்சில்வேனியா ஸ்டேட் (பென் ஸ்டேட்) பல்கலைக்கழகத்தின் கிளப் அணி, 2010-ல் தொழிலதிபர் டெரி பெகுலா அறிவித்த 8.8 கோடி டாலர் நன்கொடையால் 2012-ல் முதல் பிரிவுக்கு உயர்ந்து, 2025-ல் தேசிய அரையிறுதிவரை போனது. அரிசோனா ஸ்டேட் அணி 2014-ல் ஏசிஎச்ஏ பட்டம் வென்று, மறு ஆண்டே முதல் பிரிவில் ஆடத் தொடங்கியது. 2019-ல் என்சிஏஏ தொடருக்கும் தகுதிபெற்றது.

இரண்டு கதைகளிலும் பெரும் நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாத இடத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஹன்ட்ஸ்வில்லில் உள்ள அலபாமா பல்கலைக்கழக அணி, தெற்கின் பெருமையாக இருந்தது. 1996, 1998 ஆண்டுகளில் என்சிஏஏ இரண்டாம் பிரிவுப் பட்டங்களை வென்றது. முதல் பிரிவிலும் ஆடியது. 2021-ல் அது நிறுத்தப்பட்டது. மேலிருந்து நடத்தப்படும் அணி, நிதி வற்றினால் ஒரே முடிவில் மூடப்பட்டுவிடும். மாணவர் அணிக்கும் நிதி நெருக்கடி வரும். ஆனால், ஆட வேண்டும் என்று இருபது பேர் விரும்பும்வரை அது உயிரோடிருக்கும். அந்த உறுதியைக் கைவிட்டு எல்லோரும் பென் ஸ்டேட் ஆகப் புறப்படுவது பலரைப் பள்ளத்தில் தள்ளும்.

செய்ய வேண்டியவை

முதலில், பனி நேரத்துக்கான செலவைப் பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். தன் பெயரையும் சின்னத்தையும் சுமந்து ஓர் அணி ஊர் ஊராகப் போகும்போது, அரங்க வாடகையில் பாதியையாவது ஏற்பது சலுகை ஆகாது, கடமை. தென்மாநில என்எச்எல் அணிகளுக்கும் இதில் பங்கிருக்கிறது. நாளைய ரசிகர்களும் பயிற்சியாளர்களும் நடுவர்களும் இந்த மாணவர்களிடமிருந்துதான் வரப்போகிறார்கள்.

இரண்டாவது, பாதுகாப்பு. உடலோடு உடல் மோதும் ஆட்டம் இது. தரம் உயர்ந்து வேகம் கூடும்போது, தலைக்காயங்களின் ஆபத்தும் கூடும். பயிற்சிபெற்ற மருத்துவ உதவியாளர் அரங்கில் இல்லாமல் எந்த ஆட்டமும் தொடங்கக் கூடாது என்ற விதி எல்லா லீகுகளிலும் வர வேண்டும். அதற்கான செலவை மாணவர்கள் தலையில் கட்டக் கூடாது.

மூன்றாவது, பெண்கள். ஏசிஎச்ஏ-வில் பெண்கள் பிரிவுகள் உண்டு. ஆனால், தென்கிழக்கில் பெண்கள் அணிகள் இன்னும் மிகக் குறைவு. ஒரு கல்லூரியில் முழு அணி சேராவிட்டால், அண்டைக் கல்லூரிகள் இணைந்து ஓர் அணி அமைக்க விதிகள் இடம்தர வேண்டும். பெண்களுக்கான அணிகளை ஆண்கள் அணிகளோடு சேர்த்தே வளர்க்கும் லீகுக்குத்தான் பொதுப் பணத்தைக் கேட்கும் தார்மீக உரிமை இருக்கும்.

நான்காவது, நிர்வாக ஒற்றுமை. அண்மை ஆண்டுகளில் சில பிராந்திய லீகுகள் ஏசிஎச்ஏ-வை விட்டு ‘அமெச்சூர் அத்லெடிக் யூனியன்’ (ஏஏயு) அமைப்பின் குடைக்குள் போயிருக்கின்றன. போட்டி அமைப்புகள் இருப்பதால் சில நன்மைகள் உண்டு. ஆனால், ஒரே மாநிலத்தின் இரு அணிகள் வெவ்வேறு தேசியப் பட்டங்களுக்கு ஆடினால் குழப்பமும் பயணச் செலவும்தான் மிஞ்சும். குறைந்தபட்சம் பொது அட்டவணையும் பொதுத் தகுதி விதிகளும் வேண்டும்.

தென்மாநில மாணவர்கள் யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்கவில்லை. அரங்கு தேடினார்கள், பணம் திரட்டினார்கள், லீகை நிறுவினார்கள். அந்த நிர்வாக உரிமை அவர்களிடமே இருக்கட்டும். செலவின் பாரத்தை மட்டும் பல்கலைக்கழகங்களும் தொழில்முறை அணிகளும் தோள்மாற்றிக்கொள்ளட்டும். சறுக்கத் தெரிந்த, ஆனால் கட்டணம் கட்ட வழியில்லாத ஒரு மாணவருக்கு அணியில் இடம் கிடைக்கிறதா என்பதை வைத்தே இந்த லீகின் வளர்ச்சியை இனி மதிப்பிட வேண்டும்.