பிஸ்கட் பாக்கெட்டோடு போகாதீர்கள்

பூண்டி மாதா திருவிழா முடிந்ததும் திருக்காட்டுப்பள்ளி வட்டாரக் கத்தோலிக்கப் பங்குகளில் ஒரு யோசனை எழுவது இயல்பு: இளைஞர்களைத் திரட்டி, வேன் பிடித்து, சென்னையின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் சில நாள் சேவை செய்துவிட்டு வரலாம். எண்ணம் நல்லதுதான். ஆனால், போகிறவர்களுக்குச் சுற்றுலாவாகவும் பெறுகிறவர்களுக்குச் சங்கடமாகவும் முடிகிற பயணத்தைச் சேவை என்று சொல்ல முடியாது. போகத்தான் வேண்டும், போகிற விதம் மாறவேண்டும்.

சென்னையின் கண்ணகி நகரையே எடுத்துக்கொள்வோம். கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் பிற குடிசைப் பகுதிகளிலும் இருந்தவர்களை 2000-ஆம் ஆண்டுவாக்கில் இருந்து அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். வீடு கிடைத்தது, பிழைப்பு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. வீட்டு வேலைக்குப் போகும் பெண் விடியுமுன் பஸ் ஏறவேண்டும். வேலை கேட்டுப் போகிற பையன் விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போது ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்குகிறான். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் பெயரை மாற்றிக்கொண்டது. அந்தத் தயக்கம் மாறவில்லை. யாரோ எடுத்த முடிவால் விளைந்த வறுமை இது. நோட்டுப் புத்தகமும் பிஸ்கட் பாக்கெட்டும் இதற்கு மருந்தாகாது.

அங்கிருப்பவர்கள் கையேந்தி நிற்பவர்களும் அல்லர். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். நம் பிள்ளைகள் அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்க நினைப்பதைவிடக் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம்.

1968-இல் மெக்சிகோவில் சேவை செய்ய முன்வந்த அமெரிக்க மாணவர்களிடம் இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கக் குரு, உதவி செய்ய வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவ்வளவு கடுமை தேவையில்லை எனலாம். வேன் வாடகையை அப்படியே அனுப்பிவிட்டால் போதாதா என்றும் சிலர் கேட்பார்கள். போதாது. நாளைக்கு இந்தப் பிள்ளைகளில் ஒருவர் பொறியாளராவார், ஒருவர் அதிகாரியாவார், எல்லோரும் வாக்காளர்கள். குடிசையை எங்கே மாற்றுவது என்ற கோப்பு மேசைக்கு வரும்போது, நேரில் கண்டவர் போடும் கையெழுத்து வேறாக இருக்கும். மத்தேயு நற்செய்தியின் இறுதித் தீர்ப்புக் காட்சியில் ஆண்டவர் பசித்தவராகவும் அந்நியராகவும் நிற்கிறார். கொடுப்பவரின் பக்கத்தில் அல்ல.

ஆகவே, மூன்று நிபந்தனைகள். முதலாவது, புறப்படுமுன் பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் கூட்டங்களில் ஒரு வேலை நடக்கட்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரை நம் வயல்களில் வேலை குறைவு. அறுப்பு நாட்களையும் இயந்திரம் விழுங்கிவிட்டது. இதனால் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன நம் ஊர்க் குடும்பங்களை அழைத்துப் பேசவிடுங்கள். நகரத்து வறுமையின் ஒரு வேர் நம் வரப்பில் இருப்பது அப்போது புரியும். இரண்டாவது, சென்னைக்குப் போனபின், குடியிருப்புப் பெண்கள் எந்த வேலையைச் சொல்கிறார்களோ அதை மட்டும் செய்யுங்கள். செல்போன் பைக்குள் இருக்கட்டும்.

மூன்றாவது நிபந்தனைதான் கடினம். திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு, அதைப் பாவம் என்று கண்டித்து, இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. அது ஒவ்வொரு பங்குக்கும் பொருந்தும். காலனித் தெருப் பிள்ளைகளும் ஊர்த்தெருப் பிள்ளைகளும் சேர்ந்து திட்டமிடாத பயணத்துக்கு, ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டிராத குழுவுக்கு, பங்குப் பேரவை ஒப்புதல் தரக் கூடாது. அது இங்கே முதலில் நடக்கட்டும். சென்னைக்கு அடுத்த மாதம்கூடப் போகலாம்.